கடல் தவணை

அன்று விடியற்காலையில் மழை பெய்ததா என்று எனக்கு நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. "மழையோ? நான் வெளியில கதிரையில இருந்தனான், ஒரு துளி விழேல்லை" என்கிறாள் மீன் பிரிக்கும் ஜெயரூபி. தூறல் விழுந்ததால்தான் புத்தகங்களைப் பொலித்தீனால் மூடினோம் என்று கலீல் காக்கா அடித்துச் சொல்கிறார். என்னிடம் கேட்டுப் பயனில்லை. ஐஸ் வேலை செய்பவனின் உடம்பு எப்போதும் நனைந்தே இருக்கும். மேலிருந்து விழும் தண்ணீர் அவனுக்குத் தனியாகத் தெரியாது.

நிறைய வாசிப்பவனுக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. வாசித்ததும் நடந்ததும் நாளடைவில் ஒன்றோடொன்று கலந்துபோகும். ஒருவர் சொன்ன சொல்லை இன்னொருவர் வாயில் வைத்துவிடுவேன். ஆகவே, சந்தேகமில்லாமல் தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். ஐஸ்.

கிழக்கில் வெளுப்பதற்கு முன்பே ஆலையின் இரும்புக் கதவு திறக்கும். உள்ளேயிருந்து வரும் குளிர் முதலில் பற்களைத்தான் பிடிக்கும். ஐஸ் பாளத்தின் தலையில் கொளுக்கியைக் குத்தி இழுத்தால் அது ஒரு மாட்டைப் போலத் தயங்கும். பிறகு சட்டென்று வழுக்கி நம்மீதே வரும். காலை விலக்கத் தெரியாதவன் இந்த வேலையில் ஒரு கிழமை நிற்க மாட்டான். பாளத்தை அரைக்கும் இயந்திரத்தின் வாயில் தள்ளினால் அது அலறும். அந்த அலறல் நின்ற பிறகும் காதுக்குள் நெடுநேரம் கேட்கும். நொறுங்கிய ஐஸைக் கூடையில் வாரித் தலையில் வைத்துப் படகுக்கு ஓட வேண்டும். கழுத்து வழியாக முதுகில் இறங்கும் தண்ணீரில் பாளத்தை மூடிய உமியும் மீன்வாடையும் இருக்கும். சூரியன் வரும்போது என் விரல்கள் என்னுடையவை அல்ல. அவற்றை வெந்நீரில் வைத்தால் வலி. வைக்காவிட்டால் புத்தகத்தின் தாளைப் புரட்ட முடியாது.

ஆலை கதிரவேல் முதலாளியுடையது. இறங்குதுறையில் மீன் தரம் பிரிக்கும் கொட்டகையும் அவருடையது. திருகோணமலைக் கரையின் இந்த மூலையில் கட்டிக் கிடக்கும் பலநாள் படகுகளில் பாதியும் அவருடையவை. முன்பு ஓர் இயந்திரத்துக்கு நான்கு பேர் இருந்தோம். டீசல் விலை ஏறிய காலத்தில், "கொஞ்ச நாளைக்குச் சமாளியுங்கோ" என்று இரண்டு பேராக்கினார். டீசல் இறங்கியது, நாங்கள் இரண்டு பேராகவே இருந்தோம். பெண்களுக்கு நாள் கூலியாக இருந்ததைக் கூடைக் கூலி ஆக்கினார். படகு வராத நாளில் அவர்கள் சும்மா குந்தியிருந்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போனார்கள்.

என்னோடு இயந்திரத்தில் நிற்பவர் கலீலுர் றஹ்மான். கிண்ணியாக்காரர். கரை முழுவதும் அவரை, அண்ணன் என்ற பொருளில், காக்கா என்றுதான் கூப்பிடும்.

ஆலைக்கும் கொட்டகைக்கும் நடுவில் இருந்தது வாசிகசாலை. எந்தக் காலத்திலோ உப்பு அடைத்து வைத்த மண்டபம். பிறகு பிரதேச சபை அதை வாசிகசாலை ஆக்கியது. தகரக் கூரை. இரண்டு மின்விசிறிகளில் ஒன்று சுற்றும். சுவரில் எத்தனை முறை சுண்ணாம்பு அடித்தாலும் உப்பு மேலே வந்து பூத்து நிற்கும். வாசிகசாலைகளைப் பற்றி மேடையில் பேசுபவர்கள் அறிவு என்றும் ஒளி என்றும் தொடங்குவார்கள். நான் அதன் பின்னால் இருந்த மலசலகூடத்திலிருந்து தொடங்குகிறேன். கொட்டகையில் இருட்டில் வேலை தொடங்கும் பெண்களுக்கு முதலாளி எதுவும் கட்டிக் கொடுக்கவில்லை. கரையில் பூட்டிக்கொள்ளக்கூடிய ஒரே கதவு வாசிகசாலைக்குப் பின்னால்தான் இருந்தது. அதற்குப் பக்கத்தில் நல்ல தண்ணீர் வரும் ஒரு பைப். உள்ளே நுழைந்தால் நிழல். யாரும் "என்ன வேணும்" என்று கேட்காமல் உட்கார விடும் நான்கு மர வாங்குகள்.

சுஹைரா மிஸ் அங்கே தற்காலிகமாக வேலை செய்தவர். கிண்ணியாவிலிருந்து முதல் பஸ்ஸில் வருவார். ஒன்பது மணிக்குத் திறந்தால் போதும் என்பதுதான் சபையின் ஒழுங்கு. பெண்கள் விடியலில் வருவதால் அவர் விடியலிலேயே திறந்தார். காலையில் படகுக்குக் காத்திருக்கும் ஆண்கள் பேப்பர் பார்ப்பார்கள். பின்னேரத்தில் பக்கத்துச் சல்லிக் கிராமத்துப் பிள்ளைகள் வெளிச்சம் இருக்கும் வரை கணக்குச் செய்வார்கள். படகுகளுக்கான காற்று அறிவிப்பை மிஸ் ஒவ்வொரு நாளும் சுவரில் ஒட்டுவார். நானும் மிஸ்ஸும் ஒரு சொல்லும் பேசாமல் மணிக்கணக்காக ஒரே மண்டபத்தில் இருந்திருக்கிறோம். வாடகை அறையில் படுத்தெழும்பும் எனக்கு வீடு என்று ஒன்று இருந்ததென்றால் அது அந்த மௌனம்தான்.

கடலுக்குப் போகிறவர்கள் புத்தகங்களைச் சொப்பிங் பைக்குள் சுற்றிக்கொண்டு போவார்கள். இரவல் தவணை இரண்டு கிழமை. பலநாள் படகு ஒரு மாதம் கழித்துத்தான் திரும்பும். அதற்காக மிஸ் ஒரு வழக்கத்தை உண்டாக்கியிருந்தார். தவணை முடியும் நாளில் போனவரின் வீட்டிலிருந்து யாராவது வந்து, "அவர் இன்னும் வாசிச்சு முடிக்கேல்லை" என்று சொன்னால் போதும். மிஸ் திகதி முத்திரையைத் திருப்பி இரவல் அட்டையில் புதுத் தவணை போட்டுவிடுவார். கரையில் அதற்குக் கடல் தவணை என்று பெயர். உப்பு ஏறி உப்பித் திரும்பி வரும் புத்தகங்களை அவர் மின்விசிறிக்குக் கீழே விரித்து, கல் வைத்துக் காயப்போடுவார். மறுபடி அலுமாரியில் வைக்கும்போது அவை பக்கத்துப் புத்தகங்களைவிடத் தடித்துப்போயிருக்கும். எவை கடலைப் பார்த்தவை என்று தூரத்திலிருந்தே சொல்லலாம்.

கடைசியாகக் கடலுக்குப் போன புத்தகம் தேனீ வளர்ப்பைப் பற்றியது. கொண்டுபோனவர் அன்ஸார், கதிரவேலின் படகொன்றில் என்ஜின்காரர். கொட்டகையில் மீன் பிரிக்கும் ரபீக்காவின் கணவர். ரபீக்காவைச் சின்னவர்கள் எல்லோரும் ராத்தா, அதாவது அக்கா, என்போம். அன்ஸார் அந்தப் புத்தகத்தை எடுத்தபோது வாங்கில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"என்ன மச்சான், கடலுக்குள்ள தேன்கூடு பாக்கப் போறியா?"

"சிரிங்க, சிரிங்க" என்றார் அன்ஸார். "ரெண்டு வருசம் பொறுங்க. மூதூர்ல ரபீக்காட வாப்பாட வளவுக்குள்ள பெட்டி வைக்கப் போறன். அப்ப ஒவ்வொருத்தனும் போத்தலத் தூக்கிட்டு வந்து வேலியில நிப்பீங்க."

"தேனீ கொத்துமே அன்ஸார் காக்கா" என்றாள் ஜெயரூபி.

"முதலாளிட வாயவிடவா?"

அந்த வாடைக் காலத்தில் காற்று அறிவிப்பு சுவரில் ஒட்டியிருந்தது. கதிரவேல் அதை வாசித்தார். வாசித்துவிட்டு, "நாளைக்கு மறுநாள்தான் காத்து, அதுக்குள்ள ஆழத்துக்குப் போயிடலாம்" என்று சொல்லி அன்ஸாரின் படகை அனுப்பினார். படகு திரும்பவில்லை. கொஞ்ச நாள் தேடினார்கள். நிலாவெளியிலிருந்தும் குச்சவெளியிலிருந்தும் சின்ன வள்ளங்கள் தங்கள் எண்ணெயில் போய்ப் பார்த்தன. கதிரவேல் தன் மற்றப் படகுகளை அதற்கென்று அனுப்பவில்லை. பிறகு எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். கடல் அப்படியே இருந்தது.

தேடுவதை நிறுத்திய பிறகு வந்த முதல் தவணை நாளில் ராத்தா வந்தார். நான் வாங்கில் இருந்தேன். பைப்படியில் முழங்கை வரை கழுவினார். செதிள்கள் சில அப்படியும் ஒட்டிக்கொண்டிருந்தன. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு மேசைக்கு முன்னால் நின்றார்.

"மிஸ், அவர் இன்னும் வாசிச்சு முடிக்கல்ல."

மிஸ் நிமிர்ந்து பார்த்தார். மின்விசிறி சுற்றியது. பிறகு முத்திரையை எடுத்துத் திகதியைத் திருப்பி அழுத்தினார்.

"சரி ராத்தா. இன்னும் ரெண்டு கிழமை."

நான் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன். அது என்ன வரி என்று இன்றுவரை தெரியாது.

அதன்பிறகு இரண்டு கிழமைக்கு ஒருமுறை அவர் வந்தார். அதே இடத்தில் நின்றார். அதே சொற்கள். ஒருமுறை மூதூரிலிருந்து அவருடைய தமையன் வந்து, கொட்டகை வாசலில் நின்று, "ஊரெல்லாம் கதைக்குது தங்கச்சி. இத்தா இருக்க வேணாமா?" என்று கேட்டார். கணவன் இறந்த பெண் இருக்கவேண்டிய தனிமை அது.

"மய்யித்து எங்க காக்கா? உடம்ப ஆரும் கண்டாங்களா?" என்றார் ராத்தா. கத்தி கையிலேயே இருந்தது. "அவர் புத்தகம் எடுத்துட்டுப் போயிருக்கார். வரட்டும்."

*

கதிரவேல் வாசிகசாலைக்கு வந்த காலை, நாங்கள் ஐந்தாறு பேர் உள்ளே பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தோம். அவர் கதிரையை இழுத்து, மிஸ்ஸின் மேசைக்கு எதிரில் போட்டுக்கொண்டார்.

"மிஸ், இந்த இடம் இனி குளிர் அறையாகப் போகுது. சபையோட கதைச்சிட்டன்."

"எனக்கு ஒருத்தரும் சொல்லல்லையே."

"உங்களுக்கேன் சொல்ல வேணும்? தற்காலிகம்தானே."

கலீல் காக்கா கோப்பையைக் கீழே வைத்தார். "அப்ப புத்தகங்கள், முதலாளி?"

"லொறியில ஏத்தி டவுனுக்கு. அங்க பெரிய நூலகம் இருக்கு. வாசிக்க ஆசையெண்டா பஸ் ஏறிப் போ."

"போறம். லீவு தருவீங்களா?"

யாரோ சிரித்தார்கள். கதிரவேலும் சிரித்தார். அவர் கெட்ட சிரிப்புச் சிரிக்கும் மனிதர் அல்ல. அதுதான் அவரோடு எங்களுக்கு இருந்த சிக்கல். "சும்மா கதையாதையுங்கோ. இந்தக் காலத்தில ஆருக்கு வாசிகசாலை? எல்லாற்ற கையிலயும் போன் இருக்கு. உலகமே அதுக்குள்ள இருக்கு."

"போனுக்குள்ள கக்கூசும் இருக்கோ முதலாளி?" என்று ஜெயரூபி கேட்டாள்.

தகரக் கூரை அதிரச் சிரித்தோம். கதிரவேலின் முகம் மாறியது. "உனக்கு வாய் கூடிப்போச்சு, பிள்ளை. சபையில இருந்து ஆள் வந்து பாப்பார். ஒழுங்கா நடக்கிற வாசிகசாலையெண்டு அவர் எழுதினா, நான் கையை எடுக்கிறன். இல்லையெண்டா இடம் எனக்கு."

எழுந்து போகும்போது வாசலில் ராத்தாவைக் கண்டு நின்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். உண்மையிலேயே இரக்கப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

"ரபீக்கா, மூடேக்க திரும்பி வராத புத்தகமெல்லாத்தையும் கழிச்சுப் போடுவாங்கள். உன்ர மனுசன்ர புத்தகத்தையும். எல்லாம் ஒரேயடியா முடிஞ்சிடும். உனக்கும் அதுதான் நல்லது."

அவர் போன பிறகு ராத்தா மேசைக்கு வந்தார்.

"கழிக்கிற எண்டா என்ன மிஸ்?"

மிஸ் மேசையில் இருந்த முத்திரையை ஓரமாக நகர்த்தினார். "இல்லை எண்டு எழுதுற, ராத்தா" என்றார்.

ராத்தா தலையாட்டினார். கொட்டகைக்குப் போனார். அன்று முழுவதும் அவருடைய கத்தி நிற்கவே இல்லை. படகில் வந்த மீன் முடிந்த பிறகும் கழிவுக் கூடையில் இருந்த தலைகளை எடுத்து வெட்டிக்கொண்டிருந்தார்.

*

எங்களைப் போன்றவர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு பிழையை அப்போது செய்தோம். ஏற்றுவதும் இறக்குவதும்தான் எங்கள் வாழ்க்கை. லொறி என்ற சொல்லைக் கேட்டதும், அதில் ஏற்றுவதற்கு எதுவும் இருக்கக்கூடாது என்றுதான் எங்களுக்குத் தோன்றியது.

"ஒவ்வொருத்தரும் ஏலுமான அளவு இரவல் எடுங்க" என்றார் கலீல் காக்கா. "லொறி வந்தா வெறும் பலகையத்தான் பாக்கணும்."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்த பிறகு தொடங்கினோம். கரையில் அப்படியொரு பின்னேரத்தை நான் கண்டதில்லை. பெண்கள் பாரமில்லாத வெள்ளை ரெஜிபோம் மீன்பெட்டிகளைக் கழுவிக் காயவைத்துக் கொண்டுவந்தார்கள். வலை இழுப்பவர்கள் சாரத்தை மடித்துக் கட்டி அதற்குள் கதைப் புத்தகங்களை நிரப்பினார்கள். வாசிக்காதவர்கள் நிறம் பார்த்து எடுத்தார்கள், பாரம் பார்த்து எடுத்தார்கள். எழுத்துக் கூட்டி வாசிக்கும் கலீல் காக்கா உலக வரைபடங்கள் உள்ள ஆகப் பெரிய புத்தகத்தைத் தோளில் வைத்தார். ஜெயரூபி சமையல் புத்தகங்கள் எல்லாவற்றையும் எடுத்தாள். "கேக் அடிக்கப் போறன், எல்லாரும் வாங்கோ" என்றாள். அவள் வீட்டில் இருந்தது ஒரு விறகடுப்பு. யாரும் எடுக்காமல் விட்ட தடித்த சட்டப் புத்தகங்களை நான் எடுத்தேன். மிஸ் முத்திரை குத்திக் குத்திக் கை சோர்ந்து சிரித்தார். மாலையில் அலுமாரிகளில் பலகைகளும், புத்தகங்கள் நின்ற இடத்தில் தூசி பிடிக்காத கோடுகளும்தான் மிச்சம்.

வென்றுவிட்டதாக நினைத்து நன்றாகத் தூங்கினோம்.

திங்கட்கிழமை கதிரவேலோடு சபை அதிகாரி வந்தார். இளம் வயது, களைத்த முகம். கெட்டவரில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர் அலுமாரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார்.

"புத்தகங்கள் எங்க மிஸ்?"

"இரவல் போயிருக்கு, சேர்."

"எல்லாமா?"

"எல்லாம்."

கதிரவேல் வாசலில் சாய்ந்து நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"புத்தகமே இல்லாத மண்டபத்த நடக்கிற வாசிகசாலையெண்டு நான் எப்பிடி எழுதுறது?" என்றார் அதிகாரி. குரலில் மன்னிப்புக் கேட்பது போன்ற ஒன்று இருந்தது. "நீங்களே காலி பண்ணிப்போட்டீங்களே."

அவர் மிஸ்ஸிடம் திறப்பை வாங்கிக் கதவைப் பூட்டினார். காப்பாற்றினோம் என்று நினைத்திருந்தோம். உண்மையில் லொறியின் வேலையை நாங்களே, கூலியில்லாமல், செய்து முடித்திருந்தோம். கலீல் காக்கா ஆலைக்குள் போய் ஒரு பாளத்தின் மேல் உட்கார்ந்தார். குளிர் சாரத்தில் ஏறுவது அவருக்குத் தெரியவில்லை. நான் பக்கத்தில் நின்றேன்.

*

பின்பக்கத்து மலசலகூடத்துக்கும் அதே கதவு வழியாகத்தான் போகவேண்டும். பெண்கள் விடியுமுன் எழுந்து அலைதடுப்புக் கற்களின் மறைவுக்குப் போகத் தொடங்கினார்கள். ஒருத்தி போனால் இன்னொருத்தி காவல் நிற்பாள். பகலில் தண்ணீர் குடிக்காமல் இருந்தார்கள். கொட்டகையில் பேச்சு குறைந்தது. இதைப் பற்றி ஆண்கள் யாரும் எதுவும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

ஒரு காலை இயந்திரத்தின் அலறலுக்கு மேலாக இன்னோர் அலறல் கேட்டது. பாசி பிடித்த கல்லில் ஜெயரூபியின் கால் வழுக்கியிருந்தது. இரண்டு கற்களுக்கு நடுவில், இடுப்பு திரும்பிய நிலையில் கிடந்தாள். ஐஸ் பெட்டியின் மூடியில் கிடத்தித்தான் தூக்கிவந்தோம். முகம் வெள்ளையாக இருந்தது. தூக்கும்போது அவள் தன் சட்டையைக் கீழே இழுத்துக்கொள்ளத்தான் பாடுபட்டாள்.

கதிரவேல் வந்து பார்த்தார். "வேலை நேரத்தில இவள் ஏன் அங்கால போனவள்?"

"ஏன் போன எண்டு உங்களுக்குத் தெரியாதா முதலாளி?" என்றார் கலீல் காக்கா.

"காக்கா, வாயை அளந்து கதையுங்கோ."

"நான் கதைக்கல்ல. கேக்கிறன்."

முதலாளி அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தன் வான் வண்டியைக் கொடுத்தார்.

அதே கிழமையில் ராத்தாவின் தவணை நாள் வந்தது. நான் கூடையோடு படகுக்குப் போய்க்கொண்டிருந்தபோது அவரைப் பார்த்தேன். பைப்புக்கும் போக வழியில்லை. கடல் தண்ணீரில் கை கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு, பூட்டிய கதவுக்கு முன்னால் மேசைக்கு முன்னால் நிற்பது போலவே நின்றார்.

"மிஸ்" என்றார் கதவிடம். "அவர் இன்னும் வாசிச்சு முடிக்கல்ல."

கொஞ்ச நேரம் காத்திருந்தார். உள்ளே முத்திரை விழும் சத்தத்துக்குக் காத்திருந்தாரோ என்னவோ. பிறகு கொட்டகைக்குப் போனார். என் தலையில் இருந்த ஐஸ் உருகி முகத்தில் வழிந்துகொண்டிருந்தது. அதனால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

ஆஸ்பத்திரியிலிருந்து ஜெயரூபி வீடு திரும்பியதும் சல்லிக்குப் போனோம். ராத்தா, மிஸ், கலீல் காக்கா, நான். மிஸ்ஸை அதற்குள் வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். ஜெயரூபியின் தலைமாட்டில் சமையல் புத்தகங்கள் அடுக்கியிருந்தன.

"எல்லாத்தையும் வாசிச்சிட்டன்" என்றாள். "முட்டையை எப்பிடி அடிக்கிறதெண்டு இனி ஆரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை." சிரிக்க முயன்றாள், வலித்தது. "மிஸ், இதுகளை இஞ்ச வச்சு நான் என்ன செய்யிறது? படுத்துக் கிடக்க எனக்கும் ஏலாது, இதுகளுக்கும் ஏலாது. கொண்டுபோவம்."

"கதவு பூட்டிக் கிடக்கே" என்றார் மிஸ்.

"கதவுக்கு முன்னால இடம் இருக்குத்தானே?"

வெளியே யாரோ வள்ளத்தைக் கரைக்கு இழுத்தார்கள். "ஏலேலோ" என்று அல்ல, போனில் பாட்டுப் போட்டுக்கொண்டுதான். அந்தப் பாட்டு முடியும் வரை இருந்தோம். பிறகு கலீல் காக்கா எழுந்து சாரத்தை இறுக்கிக் கட்டினார். முடிவாயிற்று என்று எல்லோருக்கும் தெரிந்தது.

*

மழை பெய்ததோ இல்லையோ என்று நான் தொடக்கத்தில் சொன்னது அந்த விடியலைத்தான்.

ஆலை திறந்திருந்தது, யாரும் உள்ளே போகவில்லை. இயந்திரம் அலறாத கரை எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. தண்ணீர் படகுகளின் வயிற்றைத் தட்டும் சத்தம் கேட்டது. காகங்கள் கரைவது கேட்டது. இருட்டுக்குள்ளிருந்து ஆட்கள் புத்தகங்களோடு வந்தார்கள். பெட்டிகளில், சாரங்களில், சைக்கிள் கரியரில். கதவுக்கு முன்னால் சாக்கு விரித்து உட்கார்ந்து, ஆளுக்கொரு புத்தகத்தை மடியில் திறந்து வைத்தார்கள். ஜெயரூபியைப் பிளாஸ்டிக் கதிரையோடு தூக்கிவந்து நடுவில் வைத்தோம். படகுகளில் இருந்தவர்களும் மீனை இறக்காமல் இறங்கிவந்து குந்தினார்கள்.

கதிரவேல் வந்தார். சுற்றிப் பார்த்தார்.

"என்ன இது? மீன் பழுதாகப் போகுது!"

"கதவத் திறவுங்க முதலாளி, ஐஸ் அரைக்கிறம்" என்றார் கலீல் காக்கா, வரைபடத்திலிருந்து கண்ணெடுக்காமல். அவருடைய விரல் ஏதோ ஒரு சமுத்திரத்தில் இருந்தது.

"திறப்பு என்னட்டையா இருக்கு?"

"கேட்டா தரக்கூடிய ஆளிட்ட இருக்கு."

அவர் போன் எடுத்தார். வெயில் ஏறிய பிறகு சபை அதிகாரி வந்தார். வந்தவர் புத்தகங்களைக் கண்டு முகம் தெளிந்தார்.

"எல்லாம் திரும்பி வந்திட்டுதா மிஸ்?" என்று கேட்டார். சுஹைரா மிஸ்ஸுக்கு அப்போது வேலை இல்லை. ஆனாலும் எங்களோடு சாக்கில் இருந்தார். "அப்ப நல்லதாப் போச்சு. லொறியைக் கூப்பிடுறன். எல்லாப் புத்தகமும் சரியெண்டு எழுதி, முறையா மூடிடலாம்."

வெளியே கொண்டுபோனோம், மூடினார்கள். திரும்பக் கொண்டுவந்தோம், அதையும் மூடுவதற்கே எடுத்துக்கொண்டார்கள். நாங்கள் எதைச் செய்தாலும் அது அவர்களுடைய கதவுக்குத்தான் பூட்டாகிறது. கலீல் காக்கா புத்தகத்தை மூடினார்.

ராத்தா எழுந்து நின்றார். கூட்டத்தில் வெறுங்கையோடு இருந்தவர் அவர் ஒருவர்தான்.

"சேர், எல்லாம் வரல்ல. ஒரு புத்தகம் வெளிய இரிக்கு."

"எது?"

"தேனீப் புத்தகம்."

"அது கடலோட போனது சேர்" என்று கதிரவேல் முந்திக்கொண்டார். "கணக்கெடுக்கத் தேவையில்லை. அந்த ஆள்தான்…"

நிறுத்திக்கொண்டார்.

"சொல்லுங்க முதலாளி" என்றார் ராத்தா. குரல் உயரவில்லை. "இத்தின பேருக்கு முன்னால சொல்லுங்க. மௌத்தாப் போயிட்டார் எண்டு சொல்லுங்க. காத்து வருகுதெண்டு சுவர்ல வாசிச்சுப்போட்டும் ஏன் அனுப்பின நீங்க எண்டதையும் அதோட சேத்துச் சொல்லுங்க. நான் கேட்டுட்டு வீட்ட போய் இத்தா இரிக்கிறன்."

கதிரவேல் கடலைப் பார்த்தார். பிறகு தன் செருப்பைப் பார்த்தார். வாழ்க்கையில் நான் பல மௌனங்களில் இருந்திருக்கிறேன், விரும்பி இருந்திருக்கிறேன். அந்த மௌனத்தை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை.

மிஸ் எழுந்தார். "சேர், வாசகர் ஒராள் இன்னும் வாசிச்சுக்கொண்டிருக்கக்குள்ள வாசிகசாலைய மூட ஏலாது."

"அப்பிடி ஒரு சட்டம் இருக்கா மிஸ்?"

"இல்ல சேர். இஞ்ச இருக்கு."

ராத்தா கதவின் பக்கம் திரும்பவில்லை. மிஸ்ஸின் பக்கம் திரும்பினார்.

"மிஸ், அவர் இன்னும் வாசிச்சு முடிக்கல்ல."

மிஸ்ஸின் கைப்பையில் முத்திரை இருந்தது. அதை அவர் சபையிடம் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். குத்தவேண்டிய இரவல் அட்டை பூட்டிய கதவுக்குப் பின்னால் இருந்தது. அவர் திகதியைத் திருப்பி, கதவின் பலகையில் வைத்து அழுத்தினார். ஊதா நிறத்தில் அது பதிந்தது. இரண்டு கிழமைக்குப் பிந்திய ஒரு நாள்.

அடுத்ததாக எழுந்தது யார் என்பதில்தான் எங்களுக்குள் இன்னும் வாக்குவாதம். தான்தான் என்கிறாள் ஜெயரூபி, ஆனால் அவளால் எழ முடியாது. கலீல் காக்காவின் குரல்தான் என் காதில் இருக்கிறது.

"நானும் இன்னும் வாசிச்சு முடிக்கல்ல, மிஸ். எனக்குக் கனகாலம் எடுக்கும். இப்பதான் ஆபிரிக்காவுக்கு வந்திருக்கன்."

சிலர் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே ஒருத்தி எழுந்தாள். "நானும் முடிக்கேல்லை." இன்னொருத்தி. படகுக்காரர் ஒருவர். ஒவ்வொருவராக எழுந்து, தங்கள் மடியில் இருந்ததைத் தூக்கிக் காட்டி, அதே சொற்களைச் சொன்னார்கள். முத்திரை கதவில் விழுந்துகொண்டே இருந்தது. ராத்தா கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அவருடைய கணவரின் தவணை அவ்வளவு பேருடைய தவணைகளுக்கு நடுவில் இருந்தது.

நானும் எழுந்தேன். என்னிடம் இருந்தது சட்டப் புத்தகம். அதை நான் உண்மையிலேயே முடித்திருக்கவில்லை.

அதிகாரி லொறியைக் கூப்பிடவில்லை. "மேலிடத்தில கேக்க வேணும்" என்று சொல்லிப் போனார். திறப்பையும் கொண்டுபோய்விட்டார். அன்று வந்த மீனில் பாதி பழுதானது.

*

இனி, யாருக்கு என்ன ஆனது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

கதவு இன்னும் பூட்டித்தான் இருக்கிறது. குளிர் அறையும் வரவில்லை. சபை இரண்டு பக்கத்துக்கும் பதில் எழுதவில்லை. வேலை நிறுத்தியதற்காகக் கதிரவேல் கலீல் காக்காவை ஆலையிலிருந்து விலக்கினார். நாங்கள் மறுநாளும் உள்ளே போகவில்லை. அதற்கு அடுத்த நாள் அவரைத் திரும்பக் கூப்பிட்டார்கள். இயந்திரத்துக்கு இன்னும் இரண்டு பேர்தான். கொட்டகையின் பின்னால் கதிரவேல் தகரத்தால் ஒரு மலசலகூடம் கட்டித் தந்திருக்கிறார். பூட்டு உள்பக்கம் இல்லை என்று பெண்கள் அதற்காகவும் கதைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஜெயரூபி கோல் ஊன்றி நடக்கிறாள். கூடை தூக்க ஏலாது. இருந்து செய்யும் வேலை தருகிறார்கள், கூலி குறைவு. சுஹைரா மிஸ் கிண்ணியாவில் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறார். ஆனால் வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் பஸ் ஏறி வந்து, கதவுக்கு முன்னால் சாக்கில் இருந்து புத்தகங்களை மாற்றித் தருகிறார். அவை எங்கள் வீடுகளில்தான் இருக்கின்றன; யாரிடம் எது என்று எல்லோருக்கும் தெரியும். கலீல் காக்கா ஆபிரிக்காவைத் தாண்டிவிட்டார்.

அன்ஸார் வரவில்லை. படகிலிருந்து ஒரு பலகைகூட எங்கும் ஒதுங்கவில்லை.

ராத்தா இரண்டு கிழமைக்கு ஒருமுறை வருகிறார். இப்போது அவரோடு நாங்களும் வந்து நிற்கிறோம். கதவின் கீழ்ப்பகுதி திகதிகளால் நிறைந்துவிட்டது. உப்புக் காற்றில் பழையவை மங்கிப்போகின்றன, புதியவற்றை மிஸ் அவற்றுக்கு மேலே குத்துகிறார். கை எட்டாத உயரத்தில் குத்த, ஐஸ் பெட்டியொன்றைக் கவிழ்த்து வைத்திருக்கிறோம்.

புத்தகம் வெளியில் இருக்கிறது.